வரப்பு நகர்ந்த மலை: பினாங்குப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து இன்னொரு விமானம். பினாங்குத் தீவை நெருங்கும்போது ஜன்னல் வழியாகக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தேன். கடலோரம் முழுக்க உயரமான அடுக்குமாடிகள், அவற்றுக்குப் பின்னால் காடு போர்த்திய மலை. நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். எந்த ஊரைப் பார்த்தாலும் எங்கே கல் நடலாம், எங்கிருந்து எங்கே பார்வை கிடைக்கும் என்றுதான் கண் போகும். இந்த மலையில் கண்ணுக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை. எல்லாம் இலை. மண் எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து சொல்லவே முடியாது.

அக்கா வீடு ஆயர் ஈத்தாமில், மலையடிவாரத்தில். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. பேச்சில் தஞ்சாவூர் பாதி, பினாங்கு பாதி. வாசலிலேயே "பசியாறிட்டியா தம்பி?" என்றாள். நம் பக்கம் பேச்சிலிருந்து ஏறக்குறைய போய்விட்ட சொல். இங்கே காலை உணவுக்கே பசியாறல் என்றுதான் பெயர். கேட்கவே நன்றாக இருந்தது.

கை கழுவப் பின்பக்கம் போனேன். 2009-இல் நான் வந்தபோது அங்கே சரிவில் ஒரு பலா மரம் நின்றது. அதன் நிழலில் அத்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். இப்போது மரமும் இல்லை, அத்தானும் இல்லை. மரம் நின்ற இடத்தில் ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர்.

"2017 நவம்பர் மழையில போச்சு. ராத்திரி ஒரு சத்தம். விடிஞ்சு பார்த்தா மரம் சமையல்கட்டு வாசல்ல கிடக்கு" என்றாள் அக்கா.

அந்த வருடம் நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெய்த மழையும் வெள்ளமும் இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் மறக்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், அக்டோபர் 21 அன்று, தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள்.

நான் அக்காவிடம் கேட்டேன்: "சரிவு முன்னாடி எப்படி இருந்துச்சு? எவ்வளவு கீழே வந்திருக்கு?" அவள் கையை விரித்தாள். யாரும் அளந்து வைக்கவில்லை.

இரவு சாப்பிட்ட பிறகு அக்கா மகன், என் மருமகன், கூப்பிட்டான். "மாமா, வாங்க. உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணு காட்டுறேன்." திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மலை. பக்கத்துக்குப் பக்கம் ஓடை வெட்டிய தடங்கள், நடுவில் ஒரு பக்கம் உடைந்த கிண்ணம் போல் பெரிய பள்ளம், பள்ளத்துக்குள் இன்னொரு குன்று. ஒரு மரம் இல்லை, ஒரு புல் இல்லை. தோலை உரித்து வைத்த மாதிரி மண் மட்டும் இருந்தது. எந்த மலை என்று கேட்டேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை என்றான். அவன் வேலை, விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளந்த தரவுகளைச் சுத்தம் செய்து வரைபடம் ஆக்குவது. அதற்கு லைடார் என்று பெயர். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க இந்த எரிமலையைத்தான் எடுத்துக்கொள்கிறானாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இத்தகைய தரவுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாக வைத்திருக்கிறது.

பயணக் களைப்பு போன இடம் தெரியவில்லை. ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாம் நாள்

இன்றைக்கு எங்கும் போகவில்லை. சனிக்கிழமை, அவனுக்கு விடுமுறை. அக்கா தோசை ஊற்றிக்கொண்டே இருந்தாள், நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். எனக்குப் புரிந்தவரை எழுதிவைக்கிறேன்.

கொல்லிமலையில் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். உண்ணிச்செடிப் புதரில் பாதை வெட்டி அளவுச் சங்கிலி இழுத்து, நாள் முழுக்க உழைத்தால் நூறு மீட்டர் கூடத் தேறாத நாட்கள் உண்டு. இங்கே விமானத்தின் அடிவயிற்றில் ஒரு துளை, அதில் லேசர் கருவி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நொடிக்கு லட்சக்கணக்கான துடிப்புகளாகக் கீழே அனுப்புகிறது. ஒரு கண்ணாடி அசைந்து அசைந்து அந்தத் துடிப்புகளை இடமும் வலமும் வீசுகிறது. ஒவ்வொரு துடிப்பும் தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்ப்பதுதான் அளவு. 1,500 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒளி போய்வர ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு ஆகும். கடிகாரம் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினால் தூரத்தில் 15 சென்டிமீட்டர் தவறும். சங்கிலி தொய்ந்தால் அளவு கூடிவிடும் என்று நாங்கள் பயந்த மாதிரி இவர்கள் கடிகாரத்துக்குப் பயப்படுகிறார்கள்.

நேரம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? விமானம் அந்தக் கணத்தில் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதும் தெரிய வேண்டும். இடத்தைச் செயற்கைக்கோள்கள் சொல்கின்றன. சாய்வைச் சொல்ல கருவியோடு சேர்ந்தே ஒரு உணரி இருக்கிறது. சாய்வில் நூற்றில் ஒரு பாகை பிசகினால் என்ன ஆகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 1,500 மீட்டர் உயரத்தில் 26 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. ஒரு வரப்பின் அகலம்.

கோணம் என்றதும் எனக்கு லாம்ப்டன் நினைவு வந்தது. இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணம் முக்கோணமாக அளக்க 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே முதல் கோட்டை இழுத்தவர் வில்லியம் லாம்ப்டன். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஒரு கோட்டை அளக்கவே மாதக்கணக்கில் ஆனது. கோணம் பார்க்க அவர் வைத்திருந்த தியோடலைட் அரை டன் எடை. அதை 1808-இல் எங்கள் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்ப்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார். மருமகனுக்கு இது தெரியாது. கதையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். "எங்க கருவி ஒரு ஆள் தூக்குற எடைதான் மாமா, ஆனா பயம் அதே பயம்" என்றான்.

இனி மரம் எப்படி மறைகிறது என்பது. லேசர் துடிப்பு தரைக்கு வரும்போது ஊசி முனை போல இருப்பதில்லை. ஒரு தாம்பாளம் அளவுக்கு விரிந்துவிடும். அதில் ஒரு பகுதி மேல் இலையில் பட்டுத் திரும்பும், ஒரு பகுதி இடுக்கு வழியாக நழுவிக் கீழ்க்கிளையில் படும், மிச்சம் தரை வரை போகும். ஒரே துடிப்புக்கு மூன்று நான்கு பதில்கள் வரும். எல்லாவற்றையும் சேர்த்தால் கோடிக்கணக்கான புள்ளிகள். அதற்குப் புள்ளி மேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த மேகத்திலிருந்து தரையை மட்டும் பிரிக்க ஒரு வழி சொன்னான், மனசை அள்ளிவிட்டது. மேகத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்களாம். தரை மேலே, மரம் கீழே. இப்போது மேலிருந்து ஒரு துணியைப் போர்த்துவது போலக் கணினி கணக்குப் போடும். துணி எங்கெல்லாம் படிந்து நிற்கிறதோ அது மண். கீழே தொங்கும் மரமும் வீடும் துணியில் படாமல் போய்விடும். துணி ரொம்ப விறைப்பாக இருந்தால் பள்ளம் மேடெல்லாம் சமமாகிவிடும், ரொம்பத் தொளதொளப்பாக இருந்தால் மரத்தின் மேலும் ஒட்டிக்கொள்ளும். எரிமலை வாயின் செங்குத்துச் சுவர்களைச் சில சமயம் கட்டடம் என்று நினைத்து வெட்டிவிடுமாம். வாயிலிருந்து எழும் ஆவியில் பட்டுத் திரும்பும் ஒளி, காற்றில் இல்லாத பாறையைக் காட்டுமாம். அதையெல்லாம் குறுக்கு வெட்டு போட்டுப் பார்த்து, ஒரு ஆள் உட்கார்ந்து கையால்தான் திருத்த வேண்டும். மருமகனின் நாள் அதில்தான் கழிகிறது.

இப்போது அந்த மலையின் கதை.

1980 மே 18 காலை 8:32-க்கு செயின்ட் ஹெலன்ஸின் வடக்குப் பக்கம் முழுவதும் சரிந்து விழுந்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய நிலச்சரிவு இல்லை. மேல் பாறை விலகியதும் உள்ளே அடைபட்டிருந்தது பக்கவாட்டில் வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். 2,950 மீட்டர் உயரம் இருந்த மலை 2,549 மீட்டர் ஆனது. 1986 வரை உள்ளே குழம்பு இறுகி ஒரு குன்றாக வளர்ந்து, பிறகு மலை அமைதியானது.

2003 செப்டம்பரில் அதன் மேல் லைடார் விமானம் பறந்தது. கோடை முடியும் நேரம், பனி குறைவாக இருக்கும் மாதம் பார்த்துப் பறந்திருக்கிறார்கள். அப்போது மலையில் ஒரு அசைவும் இல்லை. சரியாக ஒரு வருடம் கழித்து, 2004 செப்டம்பர் 23 அன்று, சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் தொடங்கின. அக்டோபர் 1-இல் ஆவி வெடித்தது. அக்டோபரிலும் நவம்பரிலும் விமானம் மறுபடி பறந்தது. புதிய உயரத்திலிருந்து பழைய உயரத்தைக் கழித்தார்கள். கழித்த படத்தை மருமகன் காட்டினான். மலை முழுவதும் வெள்ளை, அதாவது மாற்றமில்லை. பழைய குன்றுக்குத் தெற்கே மட்டும் ஒரு சிவப்புத் திட்டு. பனிப்பாறையைத் தூக்கிக்கொண்டு தரை உப்பியிருந்தது. அக்டோபர் 11 அன்று பாறை வெளியே தலை காட்டியது. குழம்பாக ஓடவில்லை. ஏறக்குறைய இறுகிப்போன பாறையாகவே கீழிருந்து தள்ளிக்கொண்டு வந்து, திமிங்கிலத்தின் முதுகு போல வழவழப்பாக நீண்டது. 2008 ஜனவரி வரை வளர்ந்து ஏறக்குறைய 9 கோடி கன மீட்டர் ஆனது. பத்து கன மீட்டர் கொள்ளும் லாரியில் ஏற்றினால் 90 லட்சம் லோடு. 1980-க்குப் பிறகு அந்தப் பள்ளத்தின் நிழலில் உருவான பனிப்பாறையை அது இரண்டாகப் பிளந்து சுவரோடு சேர்த்து நெருக்கியது.

அந்தச் சிவப்புத் திட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு வரும். ஒருவர் வரப்பு நகர்ந்துவிட்டது என்பார், மற்றவர் அன்று இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்பார். இரண்டு பேரும் நெஞ்சில் கை வைத்துத்தான் சொல்வார்கள். நிலத்தின் எல்லையும் அளவும் வரைந்த புலப்படத்தை எடுத்து விரித்து, சர்வே கல்லைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து அளந்து காட்டினால்தான் பேச்சு நிற்கும். தகராறு வந்த பிறகு அளப்பதற்கு மதிப்பே அதற்கு முன்னால் யாரோ ஒருவர் சும்மா இருந்த நிலத்தை அளந்து வைத்துப் போனதால்தான். 2003-இல் பறந்தவர்கள் அந்த எரிமலைக்குப் புலப்படம் போட்டு வைத்தவர்கள். அவர்கள் போடாமல் இருந்திருந்தால் 2004-இல் பறந்தவர்கள் கையில் ஒரு அழகான படம் இருந்திருக்கும், கழித்துப் பார்க்க எதுவும் இருந்திருக்காது.

மூன்றாம் நாள்

கொடிமலை. மலாய்க்காரர்கள் புக்கிட் பெண்டேரா என்கிறார்கள், அர்த்தம் ஒன்றுதான். அக்கா வீட்டிலிருந்து அடிவார நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். கயிற்றால் இழுக்கும் இந்த மலை ரயில் 1920-களின் தொடக்கத்தில் வந்தது. இப்போது ஓடும் பெட்டி 2011-இல் மாற்றியது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் பாதை, சில நிமிடங்களில் மேலே. சரிவு செங்குத்தாக மாறும் இடத்தில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பக்கவாட்டில் வெட்டிய பாறையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கருங்கல், அதன் மேல் செம்மண், அதன் மேல் காடு.

மேலே இறங்கியதும் ஜார்ஜ்டவுன் தெரியும், பாலம் தெரியும் என்று மருமகன் சொல்லியிருந்தான். ஒன்றும் தெரியவில்லை. மூடுபனி. பத்தடி தள்ளி நின்றவர் குடைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. எனக்கு ஏமாற்றம். அவன் சொன்னான்: "இப்ப விமானம் வந்தா இதே கதிதான் மாமா. இந்த ஒளி மேகத்தைத் தாண்டாது. மேகத்துல பட்டே திரும்பிரும்." அந்த எரிமலையில் பனி உருகக் காத்திருக்கிறார்கள். இங்கே மேகம் விலகக் காத்திருக்கிறார்கள். ரேடார் அலை மேகத்தைத் துளைத்துவிடும். ஆனால் இலைக்கு அடியில் ஒரு முழம் ஆழமுள்ள வெடிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் லேசர்தான் வேண்டும். அதற்குக் காலையில் கிடைக்கும் கொஞ்ச நேரத் தெளிவைப் பிடிக்க வேண்டும். வாரக்கணக்கில் விமானம் தரையிலேயே நின்ற கதைகள் அவனிடம் நிறைய இருக்கின்றன.

முருகன் கோயிலில் அர்ச்சனை முடிந்தது. பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசல். இரண்டின் வாசலிலும் ஒரே பனி. குருக்கள் என் பேச்சைக் கேட்டு "தஞ்சாவூருங்களா?" என்றார். அவர் தாத்தா கும்பகோணம் பக்கமாம்.

அப்புறம் காட்டுப் பாதையில் நடந்தோம். 2021-இல் யுனெஸ்கோ இந்த மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. உள்ளே போனதும் ஏன் என்று புரிந்தது. ஒரு மரத்தின் மேல் இன்னொரு செடி, அதன் மேல் ஒரு கொடி, அதன் மேல் பாசி. ஓரிடத்தில் மருமகன் நிறுத்தி, "தலையைத் தூக்கிப் பாருங்க மாமா, வானம் எங்க தெரியுதுன்னு எண்ணுங்க" என்றான். எண்ணினேன். கைப்பிடி அளவு வெளிச்சப் பொட்டுகள் ஏழு. ஒரு எட்டு நகர்ந்தால் நான்கு. இன்னும் இரண்டு எட்டு நகர்ந்தால் ஒன்றுமே இல்லை, முழு இருட்டு. நான் நிற்கும் இடத்திலிருந்து வானம் தெரிந்தால் வானத்திலிருந்து ஒளி இங்கே வரும். தெரியாவிட்டால் இந்த ஒரு சதுர மீட்டர் மண்ணுக்கு அளவே கிடையாது. அதனால்தான் இந்தப் பக்கத்துக் காடுகளில் ஒரே இடத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பல தடவை பறக்கிறார்கள். ஒரு கோணத்தில் அடைந்த வாசல் இன்னொரு கோணத்தில் திறந்திருக்கும்.

நேற்று மணிக்கணக்கில் கேட்டும் மனதில் நிற்காத ஒன்று, அந்த ஏழு பொட்டு வெளிச்சத்தில் பதிந்துவிட்டது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தாலும் நடந்த வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன்.

இந்தத் தீவில் எரிமலை இல்லை. ஆனால் இந்த மலையின் கருங்கல் ஏறக்குறைய 20 கோடி வருடத்துக்கு முன் பாறைக் குழம்பாக இருந்ததுதான். மேலே வந்து வெடிக்காமல் பூமிக்குள்ளேயே மெதுவாக ஆறிப் பெரிய பெரிய படிகங்களாக இறுகியது. மேலிருந்த மண் கரைந்து கரைந்து இப்போது வெளியே தெரிகிறது. வெயிலும் மழையும் அந்தக் கல்லை உள்ளேயே மக்க வைத்துப் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாக்கிவிடுகின்றன. கையால் அமுக்கினால் உதிரும் பாறையை வழியில் தொட்டுப் பார்த்தேன். மேலே காடு பிடித்துக்கொண்டிருக்கிறது. கனமழையில் நீர் உள்ளே இறங்கி மண்ணின் பிடி தளர்ந்தால் மரத்தோடு சேர்ந்து வந்துவிடும். அக்கா வீட்டுப் பலா மரம் வந்தது அப்படித்தான்.

நான்காம் நாள்

காலையில் தண்ணீர்மலை முருகன் கோயில். 513 படிகள். முட்டி வலிக்கு மெதுவாக ஏறினேன். மத்தியானம் லிட்டில் இந்தியாவில் பூக்கடை, பாத்திரக்கடை, குயின் தெரு மாரியம்மன் கோயில். 1833-இல் கட்டியது. நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்று, குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சாயங்காலம் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு எதிரே கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். வடக்கே தொலைவில் தெரிவது கெடா கரை. நம் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் பகுதி. அதற்கு நேர் மாறான திசையில், நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ரா. அங்கே தோபா ஏரி இருக்கிறது. இங்கிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அது ஏரி போலத் தெரிந்தாலும் ஒரு எரிமலையின் வாய்தான். நீளம் 100 கிலோமீட்டர், அகலம் 30. ஏறக்குறைய 74,000 வருடத்துக்கு முன் வெடித்தபோது அதன் சாம்பல் இந்தத் தீபகற்பம் முழுவதும் விழுந்தது. பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கில் கல் ஆயுதங்கள் செய்த இடத்தை அந்தச் சாம்பல் மூடிக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கடல் தாண்டி ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரையும் அதே சாம்பல் கிடைத்திருக்கிறது. நான் வந்த வழியில் எனக்கு எதிராக வந்த சாம்பல். சுமத்ராவிலேயே சினாபுங் மலை நூற்றாண்டுகள் தூங்கிவிட்டு 2010-இல் எழுந்துகொண்டது.

இருட்டிய பிறகு மருமகன் இன்னொரு விஷயம் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது.

1980-இல் இன்று போல மலையை அளக்கும் விமான லைடார் கிடையாது. செயின்ட் ஹெலன்ஸின் வடக்குப் பக்கம் நாளுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேலாக வெளியே உப்பிக்கொண்டிருந்தது. அதை அளக்க மலையில் பிரதிபலிப்பான்களைப் பொருத்தி, எதிர் முகட்டிலிருந்து லேசரால் தூரம் பார்த்தார்கள். மே 18 அன்று ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு முகட்டில் டேவிட் ஜான்ஸ்டன் என்ற முப்பது வயது எரிமலை ஆய்வாளர் பணியில் இருந்தார். காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அன்றைய அளவுகளை ரேடியோவில் அனுப்பினார். 8:32-க்கு மலை அவர் இருந்த பக்கமாகவே வெடித்தது. அவர் உடல் கிடைக்கவில்லை.

அளவுப் புத்தகத்தில் அன்றைய எண்ணை எழுதி அனுப்பிவிட்டுத்தான் போயிருக்கிறார். எத்தனையோ வெயிலில் நான் நின்றிருக்கிறேன், பாம்பு பார்த்திருக்கிறேன், ஆற்று வெள்ளத்தில் சங்கிலியை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். இது வேறு. இப்போது அந்த மலைக்கு மேல் கருவி பறக்கிறது, ஆள் அந்த முகட்டில் நிற்க வேண்டிய நாட்கள் குறைந்திருக்கின்றன. அந்த முகட்டுக்கு இன்று அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள்

நாளை கிளம்ப வேண்டும். காலையில் எழுந்ததும் மருமகனிடம், இந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்கு லைடார் படம் கிடைக்குமா என்று கேட்டேன். இந்த நாட்டின் கனிம, புவி அறிவியல் துறை சரிவு ஆபத்து வரைபடங்களுக்கு லைடார் தரவு பயன்படுத்துகிறது. ஆனால் அந்தத் தரவு அமெரிக்காவின் தரவு போல எல்லோரும் இறக்கிக்கொள்வது இல்லை.

அவன் வேறொரு படத்தைக் காட்டினான். வாஷிங்டன் மாநிலத்திலேயே ஓசோ என்ற சிற்றூர். 2014 மார்ச் 22 அன்று ஒரு குன்று சரிந்து 43 பேர் இறந்தார்கள். அதற்கு முன்னாலேயே எடுத்த லைடார் படத்தில் மரத்தை நீக்கிப் பார்த்தால் பள்ளத்தாக்கு நெடுகப் பழைய சரிவுகளின் வடு. அரைவட்டமாக வெட்டுண்ட மேல் விளிம்பு, அடியில் அலை அலையாகக் குவிந்த மண். ஒன்றின் மேல் ஒன்று, ஆயிரக்கணக்கான வருடத்து வடுக்கள். காட்டுக்குள் நடந்து போகிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. படத்தில் குழந்தைகூடக் காட்டிவிடும்.

அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கடைக்குப் போய் 30 மீட்டர் டேப்பும், அரை மீட்டர் இரும்புக் கம்பி நான்கும், ஒரு சின்ன மூட்டை சிமெண்டும் வாங்கி வந்தோம். தடுப்புச் சுவருக்கு மேலே சரிவில் மூன்று இடத்தில் குழி வெட்டிக் கம்பியை நட்டு சிமெண்ட் ஊற்றினோம். அக்கா குடை பிடித்துக்கொண்டு கீழே நின்றாள்.

"வீட்டு மூலையிலேருந்து அளந்தா வீடே நகர்ந்திருந்தா தெரியாதே மாமா" என்றான் மருமகன். நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான்காவது கம்பியைத் தெருவுக்கு அந்தப் பக்கம், பழைய கல்வெர்ட்டின் ஓரத்தில் சமதரையில் நட்டோம். வீட்டின் இரண்டு மூலைகளையும் முதலில் அதோடு கட்டினோம். கைப்பேசியில் இடம் பார்க்கலாமே என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். அது சில மீட்டர் பிசகும். எங்களுக்கு வேண்டியது சென்டிமீட்டர்.

சிமெண்ட் இறுகச் சாயங்காலம் வரை காத்திருந்து அளந்தோம். டேப்பை மருமகன் இழுத்தான், நான் படித்தேன். பிறகு அவன் படித்தான், நான் இழுத்தேன். ஒரே எண் இரண்டு தடவை வந்தால்தான் எழுதுவது. பின்பக்க மூலைகளுக்கு இடையே 8.34 மீட்டர். இடது மூலையிலிருந்து முதல் கம்பிக்கு 6.42, வலது மூலையிலிருந்து 7.10. இரண்டாவது கம்பிக்கு 9.87, 9.05. மூன்றாவதில் மழை பிடித்துக்கொண்டது. டேப் நனைந்தாலும் விடவில்லை. 11.26, 12.03.

கூடத்தில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் புலப்படம் வரைந்தேன். வடக்குக் குறி போட்டேன், அளவுகோல் எழுதினேன், பலா மரம் நின்ற இடத்தை அக்கா காட்டியபடி ஒரு சின்ன வட்டமாகப் போட்டு "முன்பு பலா மரம்" என்று எழுதினேன். கீழே தேதி, இருவர் கையெழுத்து. மருமகன் அதைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றினான். செயின்ட் ஹெலன்ஸ் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே ஒரு புதுக் கோப்பு, பெயர் "அம்மா வீடு 01".

அக்கா தாளை வாங்கி மடித்து, வீட்டுப் பத்திரம் வைக்கும் பிஸ்கட் டப்பாவில் வைத்தாள். இந்த வருட நவம்பர் மழை முடிந்ததும் மருமகன் மறுபடி அளந்து எண்களை எனக்கு அனுப்புவதாகப் பேச்சு. டேப்பைத் துடைத்துக் காயப் போட்டிருக்கிறேன். அது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.